மகள், வயது நான்கு, உடன் அனுப்பப்படவில்லை

எங்க ஆலடித் தெருவுக்கு உலகி வந்து சேர்ந்தது ஒரு செவ்வாக்கிழமை காலையில, அடிபம்புல நாங்க குடத்தை வரிசையா வச்சுட்டு யாரு முந்தி யாரு பிந்தின்னு வாய்ச்சண்டை போட்டுக்கிட்டிருந்த நேரத்துல. கடைசிக் குடத்துக்குப் பின்னால, குடமே இல்லாம, முட்டுக்கு மேல நிக்கிற ஒரு முரட்டுப் பருத்திச் சேலையச் சுத்திக்கிட்டு, நெத்தியில கறுப்பா எழுத்துப் பச்சை குத்துன சின்ன வயசுப் பொம்பளை ஒருத்தி நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா, நாங்களும் அவளுக்குச் சேத்து ஒரு சொம்புத் தண்ணி அடிச்சுக் குடுத்துட்டுப் பீடி சுத்தப் போயிட்டோம்.

ஆச்சரியமா இல்லையான்னு வெளியூர்க்காரங்க கேப்பாவ. ஆச்சரியப்பட நேரம் வேணும்லா. அன்னைக்குப் பீடிக்கடையில குடுத்த இலை பூராவும் நைஞ்ச இலை, வெட்ட வெட்டக் கிழியுது, எங்க கவலை எங்களுக்கு. யாரு எவருன்னு அவகிட்ட கேட்டோம், பதில் இல்ல. ஊமையா இருந்தா நல்லதுதான், பம்படியில சண்டைக்கு வரமாட்டான்னு என் நாத்தனா சண்முகவடிவு சொன்னா. வந்தவ நேரா தெருமுக்குல பஸ் நிக்கிற ஆலமரத்தடிக்குப் போனா, ரோட்டப் பாத்து நின்னா, பஸ்ஸுல இருந்து சின்னப் பிள்ளை எதுவும் இறங்குனா மட்டும் ஒரு எட்டு முன்னால வைப்பா, பிறகு அந்த எட்டைப் பின்னால எடுத்துட்டுப் பழையபடி நிப்பா.

சாயங்கால பஸ்ஸுல பிரமநாயகி டீச்சர் வந்து இறங்குனாவ. எங்க வீட்டுக்கும் அவுக வீட்டுக்கும் ஒரே செவருதான். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில கணக்கு டீச்சர். மரத்தடியில நின்னவளப் பாத்ததும் கையில இருந்த பைய அப்படியே மண்ணுல விட்டுட்டு நின்னாவ, பிறகு என் பக்கமாத் திரும்பி, ரொம்ப மெதுவா, "மாடத்தி, இவள நான் நேத்து வாசிச்சேன்" அப்படின்னாவ.

டீச்சர் கதைய இங்கன சொல்லிடுதேன். அவுகளுக்கு ஒரே மக, செண்பகம், நாலு வயசு. பதினோரு வருசத்துக்கு முந்தி ஒரு தேரோட்டக் கூட்டத்துல கைய விட்டது விட்டதுதான். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம், பேப்பர் விளம்பரம், குறி, ஜோசியம் எல்லாம் பாத்தாச்சு. எங்க போனாலும் டீச்சர் தன் இடுப்புக்கு நேரா உள்ளங்கையக் கவுத்து, "இம்புட்டு உயரம்" அப்படிம்பாவ. புருசன் கொஞ்ச நாள் கூடச் சேந்து அலைஞ்சாரு, பிறகு பம்பாய்ல அண்ணன் கடைக்குப் போறேன்னு போனவரு அங்கனயே இருந்துட்டாரு. டீச்சர் அழுவாவ, அழுது தீத்துருவாவன்னு நாங்க காத்திருந்தோம், அழவே இல்ல. நீட்டி உக்காந்த கால் மரத்துப்போறாப்ல மனுசியே மரத்துப்போனாவ. சுடுசோறு நாக்கச் சுட்டாலும் தெரியாது, பேசாம முழுங்குவாவ. வருசம் தவறாம தீவாளிக்கு மைதீன் பாய் கடையில ஒரு கவுன் எடுப்பாவ, நாலு வயசுப் பிள்ளைக்கு உள்ள கவுன். பாயும் ஒண்ணும் கேக்காம அதே அளவுல எடுத்துக் குடுப்பாரு. எல்லாக் கவுனும் பீரோவுல மடிப்புக் கலையாமக் கெடக்கு.

பழைய கேஸுத் தாளெல்லாம் சர்க்கார் ஆவண அறைக்குப் போயிரும்னு எவரோ சொன்னதைக் கேட்டு, லீவு கெடைச்ச நாளெல்லாம் அங்க போய் உக்காந்து தூசியத் தட்டிக்கிட்டிருந்தாவ. மகளப் பத்தி ஒரு வரி கெடைக்கல. தப்பான கட்டு ஒண்ணு கைக்கு வந்துருக்கு, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு. பினாங்குத் தீவுக்குக் கப்பல் ஏத்துன கைதிகளோட அடையாளம் அதுல இருந்துருக்கு. பேர் உலகி, வயசு இருபத்தி நாலு, புருசனை உலக்கையால அடிச்சுக் கொன்னவ, ஆயுள் தண்டனை, நெத்தியில குற்றத்தின் பேர் பச்சை குத்தப்பட்டது, வலது முழங்கையில தீக்காய வடு. கடைசியில ஒரு வரி: மகள், வயது நான்கு, உடன் அனுப்பப்படவில்லை. இங்கிலீசுல எழுதுனதைத் தமிழ்ல சொல்லி டீச்சர் அந்த வரிய மட்டும் ரெண்டு தடவ சொன்னாவ.

நான் போய் அவ வலது முழங்கையத் திருப்பிப் பாத்தேன். வடு இருந்துச்சு. சரி, வந்தவளுக்கு ராத்திரிச் சோத்துக்கு என்ன வழின்னு அடுத்தாப்ல அதைத்தான் யோசிச்சோம்.

தெரு அவளை ஏத்துக்கிட்ட கதை ஒண்ணும் பெரிய கதை இல்ல. ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டோம், பிறந்த வருசத்தை ஆயிரத்து எண்ணூறுன்னு ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் ஏத்துக்கிட மாட்டேங்குன்னு திருப்பி அனுப்பிட்டாவ, அதனால வீட்டுக்கு ஒரு நாள்னு முறை வச்சுச் சோறு போட்டோம். போலீஸ்காரர் ஒருத்தர் வந்து ஆயுள் கைதின்னா விடுதலை உத்தரவு எங்கன்னு கேட்டாரு. தண்டனை குடுத்த சர்க்காரே கப்பலேறிப் போயாச்சேன்னு டீச்சர் சொன்னதும் அவரு தலையச் சொறிஞ்சாரு, அப்ப நான் யாருக்கு ரிப்போர்ட் எழுதன்னு கேட்டுட்டு எங்க வீட்டுக் காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. அவ நெத்தி எழுத்து மேல சண்முகவடிவு தினமும் திருநீற்றைப் பட்டையா அப்பி விடுவா, மத்தியான வேர்வையில அது கரைஞ்சு எழுத்து மறுபடியும் எட்டிப் பாக்கும். புருசனை எதுக்கு அடிச்சான்னு தாள்ல ஒரு எழுத்துக் கெடையாதாம். எழுதணும்னு எவனுக்கும் தோணல. எங்க தெருப் பொம்பளைகளுக்கும் அது தேவைப்படல. அவரவருக்கு ஒரு காரணம் தோணுச்சு, அதை அவரவர் மனசோட வச்சுக்கிட்டோம். ஆம்பளைக மட்டும் உலக்கை கிடக்கிற வீட்டுப் பக்கம் அவ போனா கொஞ்சம் ஒதுங்கி நடந்தாவ.

எழுதி இருக்கிறது மட்டும்தான் அவளுக்கு வரும்னு எங்களுக்குப் போகப்போகத்தான் புரிஞ்சுது. பீடி சுத்தச் சொல்லிக் குடுத்தேன், விரல் மடங்கல. அவ பேசுனதை எவனும் எழுதி வைக்கல, அதனால பேச்சும் கெடையாது. டீச்சர் லீவு போட்டு மெட்ராசுக்குப் போய் இன்னொரு கட்டைப் பிரிச்சாவ, பினாங்கு ஜெயில்ல அவளுக்குக் கயிறு திரிக்கிற வேலைன்னு அதுல இருந்துருக்கு, மறுநாள் காலையில ஆலமரத்தடியில நின்ன வாக்குலயே உலகி கயிறு திரிக்க ஆரம்பிச்சுட்டா. தேங்காய் நாரை நாங்க கொண்டு போட்டோம். அவ கண்ணு ரோட்டுல இருக்கும், கை அது பாட்டுக்கு ஓடும். கொடிக்கயிறு, கிணத்துக்கயிறு, மாட்டுக்கயிறு, தொட்டில்கயிறுன்னு எங்க தெருவுல கயிறு விலைக்கு வாங்குற பேச்சே இல்லாமப் போச்சு. மிஞ்சுனதைச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்து விட்டோம், எங்க தெருக் கயிறு அறாதுன்னு பக்கத்து ஊர்ல இருந்து கேட்டு வந்தாவ.

ஆனா தாள்ல நல்லது மட்டுமா எழுதி வச்சிருப்பான். காவக்காரனை எதுத்துப் பேசுனதுக்காக இருட்டறையில அடைச்சதாக அடுத்த கட்டுல இருந்துச்சு. டீச்சர் அதை வாசிச்ச அன்னைக்கே உலகி எங்க வீட்டு விறகு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. தட்டுனோம், கெஞ்சுனோம், உள்ளே இருந்து சத்தமே இல்ல, சோத்துத் தட்டை வாசல்ல வச்சா வச்சபடி எறும்பு மொய்க்குது. தாள்ல எழுதுன நாள் கணக்கு கழிஞ்ச பிறகுதான் வெளிய வந்தா, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நேரா மரத்தடிக்குப் போனா. காவக்காரன்கிட்ட அப்படி என்ன பேசுனாளாம்னு கேட்டேன். அது எழுதல மாடத்தின்னாவ டீச்சர். இன்னொரு தாள்ல காய்ச்சல்னு இருந்துச்சு, நர்ஸம்மா வந்து மாத்திரை குடுத்தும் இறங்கல, தாள்ல இறங்குன அன்னைக்குத்தான் இறங்குச்சு. அதுக்குப் பிறகு டீச்சர் அவ தாள்களைத் தொடுறதை நிப்பாட்டிட்டாவ. கடைசிக் கட்டு ஒண்ணு பாக்கி இருக்காம். அதுல என்ன இருக்கும்னு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதைக் கேக்கவும் கூடாதுன்னு எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்துட்டாவ.

பிறகு தேடுனதெல்லாம் அந்த நாலு வயசுப் பிள்ளையத்தான். தாயை வாசிச்சதும் தாய் வந்தான்னா, பிள்ளைய வாசிச்சா பிள்ளை வரும்லா. தெருவே அந்த ஒரு நெனப்புல இருந்துச்சு. சண்முகவடிவு பனையோலையில கிலுகிலுப்பை செஞ்சு வச்சா. டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு கவுனை எடுத்து வெயில்ல போட்டாவ, அத்தனை வருசத்துல அந்தப் பீரோவுல இருந்து ஒரு கவுன் வெளிய வந்தது அன்னைக்குத்தான். எனக்கு அதைப் பாக்கவே பயமா இருந்துச்சு.

ஜெயில்ல இருந்து பிள்ளைய ஒரு பாதிரியார்கிட்ட ஒப்படைச்சிருக்காவ, அவரு தயாபுரத்துக் கோயில் பள்ளிக்கூடத்துல சேத்துருக்காரு, இது வரைக்கும் டீச்சருக்குத் தெரிஞ்சு போச்சு. தயாபுரம் எங்க ஊர்ல இருந்து ஒரு பஸ் தூரம். அங்க போனா, ஞானஸ்நானப் புத்தகத்தைக் கரையான் எப்பவோ தின்னு முடிச்சிருக்கு. மிச்சம் இருந்தது அடக்கப் புத்தகம் மட்டுந்தான், செத்தவங்க பேர் எழுதுறது. கோயிலைப் பாத்துக்கிடுற உபதேசியார் அதை எடுத்து மேசையில வச்சதும் டீச்சர் பிரிக்காம எந்திரிச்சு வந்துட்டாவ.

அன்னைக்குச் சாயங்காலம் தெருவே டீச்சர் வீட்டுல கூடுச்சு. அடக்கப் புத்தகத்துல இருக்குன்னா பிள்ளை செத்துல்லா வரும், மரத்தடியில நிக்கிறவ முன்னால நாலு வயசுப் பொணத்தையா இறக்குவீங்க, அதுக்கு அவ நின்னுக்கிட்டே இருந்துட்டுப் போகட்டும்னு நான்தான் சத்தம் போட்டேன். நான் பேசுனா பொதுவா எல்லாரும் அடங்கிருவாவ. டீச்சர் அடங்கல.

"செத்த பிள்ளையவும் ஒருத்தி கை நீட்டி வாங்கிக்கிடுவா. தெரியாம நிக்கறது என்னன்னு உனக்குத் தெரியாது, மாடத்தி."

கோவமாச் சொல்லல. கணக்குக்கு விடை சொல்றாப்ல சொன்னாவ. மறுநாள் காலையில நானும் கூடப் போனேன்.

உபதேசியார் நல்ல மனுசர், எங்க ரெண்டு பேருக்கும் மோர் குடுத்துட்டு வெளிய போயிட்டாரு. டீச்சர் ஒவ்வொரு பக்கமா விரலை வச்சு இறங்கிக்கிட்டே வந்தாவ. சின்னப் பிள்ளைக பேர் வர்ற இடத்துலல்லாம் விரல் நின்னு நின்னு போச்சு, கொள்ளைநோய் வருசத்துல பக்கம் பக்கமாச் சின்னப் பிள்ளைகதான், அதுல எதுலயும் இல்ல. புத்தகம் பாதி தாண்டி, முக்கால் தாண்டி, எழுத்து மாறி, மை மாறி, பாதிரியார் கையெழுத்தே எத்தனையோ மாறி, எனக்கு உக்காந்த இடத்துலயே கண்ணச் சொக்குச்சு. அப்ப டீச்சர் சத்தமா வாசிச்சாவ. ஞானப்பூ. நாடு கடத்தப்பட்ட உலகி என்பவளின் மகள். அதோட நிப்பாட்டிட்டு மூச்சை இழுத்துக்கிட்டாவ. வயது, எழுபத்தி ஒண்ணு. மூப்பினால் மரித்தாள். அன்று மாலையே அடக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு, பொய் சொல்லல, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். டீச்சர் அந்த எண்ணை விரலால தேச்சுத் தேச்சுப் பாத்தாவ, மை ஒட்டிக்கிடக்கான்னு பாக்குறாப்ல. "நாலு இல்ல" அப்படின்னாவ.

"பிள்ளைன்னா வளரத்தான டீச்சர் செய்யும்" அப்படின்னேன் நான். யோசிச்செல்லாம் சொல்லல, வாயில வந்துச்சு.

டீச்சர் என்னையப் பாத்தாவ. அத்தனை வருசமா ஒரு செவரைப் பகிர்ந்துக்கிட்டு இருக்கோம், அப்படி ஒரு பார்வை அவுக என்னையப் பாத்ததே இல்ல. ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிட்டோம்னு மட்டும் தெரிஞ்சுது.

திரும்புற பஸ்ஸுல கண்டக்டர் எங்க கையில மூணு இலவச டிக்கெட்டைக் குடுத்தாரு. ரெண்டு பேர்தானன்னு சொல்லத் திரும்புனா, பின் சீட்டுல வெள்ளச் சேலையும் நீட்டுக் கை சட்டையுமா ஒரு வயசான அம்மா உக்காந்துருக்கா, பாம்படத்தைக் கழட்டுன காது தோளு வரைக்கும் வெறுமனே தொங்குது, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. நான் எந்திரிச்சு அந்தம்மாவுக்குச் சன்னலோர சீட்டைக் குடுத்தேன். வழி நெடுக அவ வெளியதான் பாத்துக்கிட்டு வந்தா.

ஆலமரத்தடியில பஸ் நின்னுச்சு. தெருப் பொம்பளைக எல்லாம் பீடி சுத்துற சொளவைக் கீழ வச்சுட்டு வந்து நின்னாவ, சண்முகவடிவு கையில கிலுகிலுப்பை. உலகி வழக்கம்போல ஒரு எட்டு முன்னால வச்சா. அந்தம்மா படியில இறங்கத் தடுமாறுனா, உலகி கையப் பிடிச்சு இறக்கி விட்டா, ஓரமா நிப்பாட்டுனா, நிப்பாட்டிட்டு மறுபடியும் பஸ்ஸுக்குள்ள எட்டிப் பாத்தா. பிள்ளை யாரும் இறங்கல. பஸ் போயிட்டு. முன்னால வச்ச எட்டைப் பின்னால எடுத்தா, கயித்தைத் திரிக்க ஆரம்பிச்சா. மக நின்னு தாயையே பாத்துக்கிட்டு இருந்தா. தாய்க்கு இருபத்தி நாலு வயசு, மகளுக்கு எழுபத்தி ஒண்ணு. யாரு போய் யாருகிட்ட என்னன்னு சொல்ல? நாங்க நின்ன இடத்துலயே நின்னோம்.

கடைசியில டீச்சர்தான் அந்தம்மா கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாவ. பாவம், அந்தப் புத்தகத்துல ஒரே ஒரு வரிதான அவளுக்கு இருந்துச்சு. குடுத்த தண்ணியக் குடிச்சா, விரிச்ச பாயில படுத்தா, வெயில் தாழ மூச்சு நின்னுட்டு. எங்க தெருவுல சாவுன்னா ஒப்பாரிக்குப் பஞ்சமே கெடையாது, நானே மூணு தெருவுக்குக் கேக்குறாப்ல அழுவேன், ஆனா அன்னைக்கு எனக்குத் தொண்டையில ஒண்ணுமே இல்ல. எந்த உறவச் சொல்லி அழ? எதுவும் தோணாம அரப்பும் மஞ்சளும் எடுத்து வச்சோம், கொல்லையில சேலையக் கட்டி மறைச்சோம், குளிப்பாட்டுறதுக்கு நாற்காலியில உக்கார வச்சோம்.

அப்ப மறைப்பை விலக்கிக்கிட்டு உலகி உள்ள வந்தா. கையில திரிச்சுப் பாதியில விட்ட கயிறு. செத்தவளை ரொம்ப நேரம் பாத்தா. கயித்தைக் கீழ போட்டா. கிட்ட வந்து குனிஞ்சு அந்த நரைச்ச தலையில உச்சிய மோந்தா, பிறகு இன்னொரு தடவ மோந்தா. அப்படியே ஈரத்தரையில உக்காந்து, சேலைய முட்டுக்கு மேல இழுத்து விட்டு, ரெண்டு காலையும் சேத்து நீட்டிக்கிட்டு எங்களை நிமிந்து பாத்தா.

என்ன கேக்கான்னு முதல்ல சண்முகவடிவுக்குத்தான் விளங்குச்சு, அவ அஞ்சு பெத்தவ. நாங்க நாலு பேரா அந்தம்மாவைத் தூக்கி உலகி கால் மேல மல்லாக்கப் போட்டோம். உச்சியில எண்ணெய் வச்சுத் தட்டுனா. கையையும் காலையும் மாத்தி மாத்திக் குறுக்க மடக்கி நீவுனா. மூக்கு எடுப்பா வரட்டும்னு ரெண்டு விரலால பிடிச்சு விட்டா. கண்ணுல தண்ணி போயிறாம நெத்தியில கைய அணை குடுத்து வெந்நிய ஊத்துனா, கவுத்துப் போட்டு முதுகத் தட்டுனா, காதுக்குள்ள ஊதுனா, அந்தம்மா கால் ரெண்டும் அவ கால் தாண்டி நீட்டமாத் தரையில கெடந்துச்சு. எல்லாம் முடிஞ்சு உள்ளங்கையில ஒரு கைத் தண்ணி எடுத்து முகத்தைச் சுத்தி வீசுனா, கண்ணேறு கழிக்கிறதுக்கு. பிறகு அந்தத் தலையத் தூக்கித் தன் மாருல சாத்திக்கிட்டு ஆடாம அசையாம உக்காந்துட்டா.

"இது நான் வாசிக்கல, மாடத்தி" அப்படின்னாவ டீச்சர். சொல்லிட்டுக் கொல்லைச் செவத்துல சாஞ்சு அழுதாவ. எங்க எல்லாருக்கும் அப்பத்தான் அழுகை வந்துச்சு.

தயாபுரத்துல அதே மண்ணுல ஞானப்பூவை இன்னொரு தடவ அடக்கம் பண்ணுனோம், ஒருத்தியவே ரெண்டு தடவ எப்படி எழுதன்னு உபதேசியார் மட்டும் கொஞ்சம் குழம்புனாரு. உலகி அதுக்குப் பிறகு ஆலமரத்தடிக்குப் போகல. டீச்சர் வீட்டு வாசல்ல உக்காந்துதான் இன்னைக்கும் கயிறு திரிக்கா, பஸ் சத்தம் கேட்டா தலைய நிமித்துறதில்ல. அவளோட கடைசிக் கட்டை டீச்சர் பிரிக்கவும் இல்ல.

அந்தத் தீவாளிக்கு டீச்சர் கூட மைதீன் பாய் கடைக்கு நானும் போனேன். டீச்சரைப் பாத்ததும் பாய் பழக்கத்துல சின்னக் கவுன் அடுக்குற தட்டுப் பக்கம் கைய நீட்டிட்டாரு. அது வேண்டாம் பாய், சுடிதார் காட்டுங்கன்னாவ டீச்சர். பாய் நீட்டுன கைய அப்படியே வச்சுக்கிட்டு என்னையப் பாத்தாரு, நான் தரையப் பாத்தேன். பிள்ளை எம்புட்டு உயரம் இருக்கும் டீச்சர்னு தணிவாக் கேட்டாரு.

டீச்சர் உள்ளங்கையக் கவுத்து இடுப்புக்கு நேரா வச்சாவ. கை அங்கனயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. பிறகு மெதுவா மேல வந்துச்சு, நெஞ்சு தாண்டி, தோளு வரைக்கும் வந்து நின்னுச்சு. அவ அப்பா நல்ல உயரம்னு சொல்லி இன்னும் ஒரு விரக்கடை தூக்குனாவ.